அழைக்கக் கூடாத விருந்து

ராத்மிலா: திகோமிரை விருந்துக்கு அழைச்சீங்களாமே?

வெலிமிர்: யார் சொன்னா?

ராத்மிலா: யாரோ... சொல்லுங்க, அழைச்சீங்களா?

வெலிமிர்: நான் இல்ல. ஆபீஸ் பொண்ணு போன் பண்ணினா.

ராத்மிலா: ஐயோ! குடும்பத்தைக் காக்கிற புனிதரோட நாளுக்கு யாராவது ஆளை அழைப்பாங்களா? மெழுகுவர்த்தி ஏத்தி வைப்போம், வர்றவங்க வருவாங்க. அழைச்சா, நீ எங்களுக்கு அந்நியன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி!

வெலிமிர்: லிஸ்பன்ல தூதரா இருந்த பழக்கம்... அங்கே எல்லாத்துக்கும் அழைப்புதானே. தவறிப்போச்சு.

ராத்மிலா: பெல்கிரேடுல பொறந்து வளர்ந்தவருக்கு இது மறந்துபோச்சாக்கும்?

வெலிமிர்: மீன் கருகுது பாரு...

ராத்மிலா: மீன் இன்னும் அடுப்புலயே ஏறலை. பேச்சை மாத்துறதுல கெட்டிக்காரர்னுதானே கட்சியில உங்களைப் பேச வச்சாங்க!

வெலிமிர்: ராத்மிலா, வேண்டாம்...

ராத்மிலா: திகோமிர் நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவர். நம்ம பொண்ணுக்குப் பேர் வச்சவர். பத்திரிகையில ஒரே மேஜையில உட்கார்ந்து எழுதினீங்க. அவரைப் போய் டிவியில...

வெலிமிர்: எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்.

ராத்மிலா: 'வெளிநாட்டுக் காசுக்கு எழுதுறவன்.' பேரோட படிச்சீங்க. அவருக்கு வேலை போச்சு. உங்களுக்குத் தூதர் பதவி வந்துச்சு.

வெலிமிர்: இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை?

ராத்மிலா: அதுக்கப்புறமும், நீங்க லிஸ்பன்ல இருந்த வருஷமெல்லாம், இந்த நாளுக்கு வந்து எங்கூட மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போனவர் அவர். இப்பவே போன் போடுங்க. தவறிப்போச்சு, மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க.

வெலிமிர்: சொல்ல முடியாது.

ராத்மிலா: அவ்வளவு கௌரவமா?

வெலிமிர்: கௌரவமா! அது எங்கே இருக்கு எங்கிட்ட... தவறலை ராத்மிலா.

ராத்மிலா: என்ன தவறலை?

வெலிமிர்: தெரிஞ்சுதான் அழைக்கச் சொன்னேன். அழைச்சா ரோஷப்பட்டு வரமாட்டான். அழைக்கலைன்னா வந்துடுவான்... வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுப்பான். அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ராத்மிலா: இதை உங்க வாயால சொல்லிட்டீங்களே, அது போதும்.

வெலிமிர்: வாசல் மணி அடிக்குது. விருந்துக்கு வர்ற அமைச்சக ஆளுங்களா இருக்கும். கண்ணைத் துடைச்சுக்கோ.

ராத்மிலா: நீங்க துடைச்சுக்கோங்க. அவங்க இல்லை.

வெலிமிர்: பின்னே?

ராத்மிலா: காலையில சந்தையில பார்த்தேன் திகோமிரை. "அவன் ஒண்ணும் வழக்கத்தை மறக்கலைம்மா, வெட்கத்துல அழைச்சிருக்கான். இத்தனை வருஷமா அந்த வெட்கத்துக்குத்தான் காத்திருந்தேன், வர்றேன்"னு சொன்னார். போய்க் கதவைத் திறங்க.