வீட்டுக்கு ஒரு நெஞ்சுப் படம்

அன்னப்பூரணி: எக்ஸ்ரே எடுக்கப் பேரக் குடுத்தீங்களா, இல்லாட்டி பள்ளிக்கூடத்தச் சுத்திப் பாத்திட்டு வாறீங்களா?

கோணாமலை: குடுத்தாச்சு. வீட்டுக்கு ஒரு நெஞ்சுப் படந்தானாம். மிச்சப் பிலிம் பெட்டிய ஆமி செக்பொயின்ற்ல மறிச்சுப்போட்டானுகளாம்.

அன்னப்பூரணி: ஒண்டு காணும். இருமுறது நீங்கதானே. இருபது வருசச் சுருட்டு...

கோணாமலை: எனக்கு ஒண்டும் வராது புள்ள. இந்த மருத்துவ முகாம்ல பேசின வெள்ளைக்கார டொக்டர் சொன்னத நீ கேக்கல்லயா? எல்லாரும் பத்துற சுருட்டு ஒண்டுதானாம். ஆனா இனத்துக்கு இனம் புற்றுநோய் கூடக் குறையப் பிடிக்குமாம். ரத்தத்துல வழிவழியா வாற...

அன்னப்பூரணி: சுருட்டுப் பத்தினவன் ஆரும் தப்ப ஏலாது எண்டும் சொன்னாரே. அந்த நேரம் உங்களுக்கு இருமல் வந்திட்டாக்கும்.

கோணாமலை: பேர் எழுதுற நேர்ஸ் மிஸ்ஸி கூட என்ன இனம் எண்டு கேட்டா. கண்டன் குடி எண்டன்.

அன்னப்பூரணி: தமிழ் எண்டு சொன்னாக் காணாதா?

கோணாமலை: அது எல்லாருக்கும் பொது. எங்கட குடியில ஒருத்தரும் நெஞ்சு வருத்தத்துல போகல்ல.

அன்னப்பூரணி: உங்கட அப்பா?

கோணாமலை: அவர் வேற குடி. குடி தாய் வழியாத்தானே வாற? அவர்ர வருத்தம் எனக்கு எப்பிடி வரும்?

அன்னப்பூரணி: மூக்கு மட்டும் அச்சு அசலா அவர்ர மூக்கு.

கோணாமலை: மூக்கு வெளியால கிடக்கிற சாமான். நான் சொல்றது உள்ள...

மிஸ்ஸி: அன்னப்பூரணி கோணாமலை... உள்ள வாங்க.

அன்னப்பூரணி: பேர் மாறிப்போச்சு மிஸ்ஸி. படம் இவருக்கு.

மிஸ்ஸி: இல்லம்மா. இவர்தான் ரெண்டு தரம் சொல்லி உங்கட பேர எழுதுவிச்சவர்.

அன்னப்பூரணி: இஞ்ச பாருங்க... எனக்கு என்னத்துக்கு?

கோணாமலை: கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடக்கிற சுருட்டுத் துண்டெல்லாம் வெத்திலைச் சிவப்பு. நான் வெத்திலை போடுறயில்ல.

அன்னப்பூரணி: ...எப்ப கண்டீங்க?

கோணாமலை: ஆவணியில. தண்ணி அள்ளுற சாட்டுல கிணத்தடியில போய் நீ இருமுறதையும் கேட்டன்.

அன்னப்பூரணி: ராவையில வயல் வட்டைக் காவலுக்குப் போன நாள்ல... பனிக்கு ஒண்டு பத்தினது. மறுகா விட ஏலாமப் போச்சு. அதுக்காக இருக்கிற ஒரு படத்த... நீங்க போங்க. மிஸ்ஸி, இவர்ர பேர எழுதுங்க.

கோணாமலை: சும்மா போ புள்ள. என்ட வருத்தம் என்னோட முடிஞ்சிரும். நம்மட மூணு புள்ளயும் உன்ட குடி.