நகம் கேக்காத கத்தி

கடைசியா என் வீட்டுக்காரியை உசுரோட பாத்தப்போ, இந்த மாதிரிக் கத்தி ஒண்ணைத்தான் பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டு நின்னேன், பரமசிவம். அதனால, நல்ல சரக்கு, சீமைச் சரக்குன்னு என்கிட்ட அளக்காதீரும். உள்ள வையும் அதை.

இதென்ன, அலகு ஓரத்துல பிறை மாதிரி ஒரு பள்ளம். நகத்தை மாட்டி இழுக்கணுமாம். நகம் இல்லாதவன் என்ன செய்வான்? மடக்குக் கத்தியை மனுசனுக்குச் செய்யுதானா, கரடிக்குச் செய்யுதானா... என் விரலைப் பாரும். எங்க இருக்கு நகம்?

ஹவுராவுல ஒரு கடைக்காரன்கிட்ட இதைத்தான் கேட்டேன். 'நொக் ராகுன், தாதா'ங்கான். நகம் வளக்கணுமாம் நான். செருப்பு கடிக்குதுன்னா காலைச் சீவச் சொல்லுத சாதி. இன்னொருத்தன் காசை விட்டு நெம்பச் சொன்னான். நெம்புனேன். பத்துப் பைசா வளைஞ்சு போச்சு, கத்தி அப்படியே இருக்கு. சரி, பாலிகஞ்ச் பக்கம் தமிழன் கடை இருக்கேன்னு ரயிலேறி, பஸ்ஸேறி வந்தா... நீரும் அதே பள்ளத்தைத்தான் வரிசையா அடுக்கி வச்சிருக்கீரு.

அதென்ன, பட்டன் கத்தியா? உமக்கு வெவரம் இருக்கா வே? ஹவுராப் பாலத்துல போற வாற ஆளையெல்லாம் போலீஸ்காரன் தடவிப் பாக்கான். இந்த நரைச்ச தலையோட நான் பட்டன் கத்தியும் கையுமா மாட்டுனா, கொய்யாப்பழம் வெட்டத்தான் வச்சிருக்கேன்னா நம்புவானா?

ஆங், இது தெறக்குது. தெறக்காம என்ன, தலைகீழாப் பிடிச்சா தானா விழுது. இது கத்தியா, குளியலறைக் கதவா?

கொய்யாப்பழம்னேன்ல. அவளுக்குப் பாருய்பூர் கொய்யான்னா உசுரு. ஆஸ்பத்திரியில கெடக்கா, ரெண்டு கையிலயும் ஊசி, உப்புத் தொட்டு ஒரு துண்டு குடுங்கன்னு கேட்டா. பையில பழம் இருக்கு, உப்பு இருக்கு, கத்தி இருக்கு. தெறக்கத்தான் ஆளில்ல. கத்தி என்னுதுதான், ஆனா என்னைக்கும் தெறக்கது அவதான். கட்டைவிரல் நகத்தால ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எனக்கு ஏது நகம்? சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல வண்டிக்குக் கிரீஸ் போடுதவன் நான். அந்தக் கையோட சோறு பெசையக்கூடாதும்பா. ஞாயித்துக்கிழமை தவறாம பிளேடை எடுத்துட்டு வந்து உக்காந்து, சதையோட ஒட்ட வெட்டி விட்டிருவா. வலிக்குதுன்னா, 'வேலைக்குப் போறது நகமா, நீங்களா'ம்பா. அப்படி ஒரு வாய்.

அன்னைக்கும் நான் கத்தியைக் கடிக்கதப் பாத்துட்டுச் சிரிச்சா. 'இருக்குத ரெண்டு பல்லையும் விட்டுறாதீய. வெளிய யார்கிட்டயாவது குடுத்துத் தெறந்துட்டு வாங்க'ன்னா.

போனேன். வாசல்ல ஒரு டாக்ஸிக்காரன், சுண்டுவிரல்ல முழ நீளத்துக்கு நகம் வச்சிருந்தான். ஒரே இழுப்புல தெறந்துட்டான். திரும்பினா மணி அடிச்சாச்சாம், பாக்குத நேரம் முடிஞ்சுதாம், கேட்டுல இருக்கவன் உள்ள விட மாட்டேங்கான். கொய்யாவைக் காட்டுதேன், கையில தெறந்த கத்தி வேற. விடுவானா? நாளைக்கு வாங்கன்னான். தெறந்த கத்தியோட பஸ்ஸுல ஏற முடியுமா, மடக்கிப் பையில போட்டேன். காலையில போனா அந்தக் கட்டில்ல வேற ஒருத்தி படுத்திருக்கா.

எங்க பாக்கீரு, கிராக்கியா? நிக்கட்டும். நான் ஒண்ணும் சும்மா கேக்கலை. நாளைக்கு அவளுக்கு முத தெவசம். அந்தத் துண்டை என் கையால வெட்டி வைக்கணும். அருவாமனையில அரிஞ்சு வைங்கன்னு அடுத்த வீட்டுக் கோமதி சொல்லுதா. புத்தி சொல்லதுக்கு ஆளுக்கா பஞ்சம்.

இதென்ன புதுசா... கைப்பிடி ஓரத்துல அரை வட்டமா வெட்டி விட்டிருக்கான். அலகை ரெண்டு விரலால கிள்ளித் தூக்கணுமா. ம்.

தெறந்துட்டு.

மடக்கும். இன்னொரு தடவ. ...தெறக்குது. இதுக்கு இம்புட்டு நாளாச்சா ஒங்க ஆளுகளுக்கு? ஒரு கத்தியில அரை வட்டம் வெட்டத் துப்பில்லாத பயலுவ.

என்ன கேட்டீரு? ஆமா வே. அவ போனபிறகு வெட்டதுக்கு ஆள் யாரு, நகம் தானா வளந்திருக்கணும்தான். வளந்துது. கருமாதி வரைக்கும் நகம் வெட்டப்படாதுன்னாங்க, விட்டேன். கருமாதியன்னைக்கு நாவிதர் வாரதுக்கு முன்னால, அந்தப் பழைய கத்தியை எடுத்து இழுத்துப் பாத்தேன். அழகாத் தெறந்துட்டு. அவர் வந்து வெட்டி விட்டுட்டுப் போனாரு. அதுக்குப் பொறவு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே வெட்டிக்கிடுதேன். அவ வெட்டுன மாதிரியே. ஒட்ட.

இதைப் பொதிஞ்சு தாரும். அந்தப் பழைய கத்தி கருமாதியன்னைக்குத் தெறந்தது, சன்னல்ல தெறந்தே கெடக்கு. மடக்கலை.