பிரான்ஸ் தொட்டில்

பர் துபாயிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவருக்குப் பழம்பொருள் கிடங்கில் பேக்கிங் வேலை போலிருந்தது.

"அந்தத் தொட்டில்ல எந்தப் புள்ளையும் படுக்காதாம்ணே."

"எந்தத் தொட்டில்?"

"பிரான்ஸ்லேருந்து வந்துச்சே, ராஜா காலத்துத் தொட்டில். அமெரிக்காவுல ஒரு பணக்காரர் கண்ணாடிக்குள்ள வைக்க வாங்கிருக்கார். அதை ஃபோம் வச்சு சுத்திக்கிட்டு இருக்கையிலதான் வீட்டுலேருந்து போன் வந்துச்சு. நான் இன்னும் மொகம் பாக்காத எம்புள்ள போயிருச்சுன்னு."

பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"லீவு கேட்டியாடா?"

"கேட்டேன். தொட்டில் கப்பல் ஏறுனதும் போன்னாங்க. இன்னைக்கு ஏறிருச்சு. லீவும் குடுத்துட்டாங்க."

"அப்ப கிளம்பு."

"புள்ளையத்தான் அன்னைக்கே புதைச்சுட்டாங்களே."

"பொண்டாட்டி இருக்கால்ல?"

"அவ என் போனையே எடுக்கிறதில்லண்ணே."