சுழி மட்டும் அவர் கையால்

மண்டைதீவு ஆமிச் சென்றியில் எங்கள் பஸ் சோதனைக்காக அரை மணி நேரமாக நின்றது. எனக்கு முன்சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பாரிசவாதத்தால் சோர்ந்திருந்த அவருடைய வலது கைக்குள் மனைவி பேனையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையார் சுழி இல்லாட்டி, பிள்ளை இதைச் செத்தவீட்டுக் கடிதம் எண்டெல்லோ நினைப்பான்.”

“நீரே போடுமன்.”

“கடிதம் முழுக்க என்ரை எழுத்து. சுழியும் என்ரை எண்டால், அப்பாவுக்கு என்ன நடந்தது எண்டு ஜேர்மனியிலை இருந்து பதறமாட்டானே? உங்களுக்கு வாதம் வந்தது அவனுக்குத் தெரியாது. ஒரு ‘உ’ தானே. மூண்டு மாசமாச் சுளகிலை அரிசி பரப்பி எழுதினனீங்கள்.”

“அது விரலாலை. பேனை கையிலை நிக்குதில்லை.”

“கெதியாப் போடுங்கோ. கொழும்புக்குக் கொண்டுபோற ஆள் ரவுணிலை காத்துக்கொண்டு நிக்குது.”

அவர் ஒரு வழியாகப் போட்டார். மனைவி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்க, அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“நடுங்கிப்போச்சு. கண்டுபிடிச்சிடுவான்.”

“பஸ்ஸிலை இருந்து எழுதுறம், சரியான குலுக்கம் எண்டு கீழை போட்டுவிடுறன்.”

“பஸ் நிக்குதெல்லே?”

“அது எங்களுக்குத்தானே தெரியும்.”