முடியளவு திறந்திருந்த மூடி

பாஸ் கிளாரினெட்டைப் பூட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலைதான். உங்கள் தங்கைக்கு மெல்லிய மணிக்கட்டு. அடிச்சுரம் ஊதும் அந்தக் கருவியோ துண்டுதுண்டாகப் பெட்டிக்குள் படுத்திருக்கும் கனத்த ஆசாமி. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லித்தானே கேலி செய்தீர்கள், மச்சான்? "மாப்பிள்ளை பாத்தோம்னு நெனச்சோம், ஃபிட்டருல்ல வந்து சேந்திருக்காரு!"

நேற்று மருத்துவமனை வராந்தாவில் கேட்டீர்கள்: "டெஸ்ட் எல்லாம் நல்லாருக்கு. அப்புறம் எதுக்கு என் தங்கச்சி மாடிப்படியப் பாத்து பயப்படுறா?" இப்போது சொல்கிறேன்.

வெளியூர் இசைக்குழு ஒன்றின் முதல் தேர்வுக்கு இருவரும் போனோம், நான் என் சின்னக் கிளாரினெட்டோடு. இறுதித் தேர்வுக்கு அவளை மட்டும் கூப்பிட்டார்கள். "கெடச்சா அங்கயே வீடு பாத்துக்கலாங்க, நீங்களும் வந்துடுங்க" என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்கோ, காலம் முழுக்க அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கச் சொன்னது போலிருந்தது.

இந்தக் கருவியின் துளைகளுக்கெல்லாம் சின்னச் சின்ன மூடிகள் உண்டு. மேலே ஒன்று முடியளவு திறந்திருந்தால் போதும், அடிச்சுரங்கள் வராது, வந்தாலும் கீச்சிடும். மேல் மூடி ஒன்றின் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். அவ்வளவுதான்.

முதலில் வாயில் வைத்து ஊதும் நாணல் ரீட்டை மாற்றிப் பார்த்தாள். பிறகு தன் உதட்டைக் குறை சொன்னாள். "எங்கயாவது காத்து கசியுதாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் மெல்லிய சிகரெட் தாளை வைத்து இழுத்துக் காட்டினேன். எல்லாம் தாளைக் கவ்விப் பிடித்தன. அந்த ஒன்று கவ்வாது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"நீங்களே பாத்துட்டீங்க. அப்ப என் மூச்சுதான்."

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, மச்சான். மறுக்கவும் இல்லை.

பிறகு அவளுக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தாள். நெஞ்சைப் படம் எடுத்தபோது கதவுக்கு வெளியே அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேர்வுக்கு வரவில்லை என்று அவளே போனில் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து, "என்னால உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்றாள். கூசிப்போனேன். கூசிக்கொண்டே அன்று வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். நான் ஊதியபோது அடிச்சுரம் ஜன்னல் கண்ணாடி அதிர எழுந்தது. பூட்டி அவளிடம் கொடுத்தேன். மூச்சை யாரிடமோ இரவல் வாங்கியவள் போலப் பயந்து பயந்து ஊதினாள். ஒன்றும் வரவில்லை. "வித்துடலாங்க" என்று என் மடியில் கிடத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கருவியில் இப்போது ஒரு குறையும் இல்லை. நீங்களே தாள் வைத்துப் பார்க்கலாம். இதையெல்லாம் அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மச்சான். தாங்கமாட்டாள். ஏற்கெனவே நெஞ்சு பலவீனமானவள்.