மூன்றாவது காய்ச்சல்

பச்சை ஏலக்காய் காய ஒன்றரை நாள் போதும், ஐயா. கீழே அடுப்பில் விறகு எரியும், குழாய் வழியாக அறைக்குள் சூடு ஏறும், கதவு இறுகச் சாத்தியிருக்க வேண்டும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது அந்த அறையைத்தான். போடி மலையில் பன்னிரண்டு வருடம் கங்காணி வேலை பார்த்தும் ஒரு மூட்டையைக்கூடக் கருக விட்டவனில்லை இந்தச் சுருளியாண்டி.

ஆட்களும் எனக்கு அத்துப்படி. ஆவணியில் ஆண்டிபட்டிக்காரன் ஒச்சாண்டி காய்ச்சல் என்று மலையிறங்கினான். மறுநாள் போடிச் சந்தையில் சேவல் விலை பேசிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் முத்துவீரன், அவனும் ஆண்டிபட்டி. காய்ச்சல் என்று போனவன் மச்சான் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறான். அந்த ஊர்க் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மூன்றாவதாக வந்தவள் அன்னத்தாய். எந்த ஊர் என்று கேட்டேன். ஆண்டிபட்டி என்றாள்.

"நெசமாவே காய்ச்சல்ண்ணே, குளுருது. நெத்தியத் தொட்டுப் பாருங்க."

தொடவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குத் தொட்டுப் பார்ப்பது?

"குளுருதுன்னுதான சொல்ற? சூடா ஒரு எடம் இருக்கு, வா."

காலையில் ஸ்டோருக்குள் விட்டுத் தாழ் போட்டேன். பொய்க்காரி அரை மணியில் ஒத்துக்கொள்வாள் என்று பார்த்தால், உச்சிப்பொழுது வரை கதவைத் தட்டினாள். அத்தனை அழுத்தக்காரி. தண்ணீர் கேட்டாளே தவிர, பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு சத்தம் நின்றது. புத்தி வந்துவிட்டது என்று நினைத்து என் வேலையைப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம் திறந்தபோது செத்துக் கிடந்தாள்.

செய்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் நினைத்தது தப்பில்லை. அவள் இரண்டு நாளாக நடுங்கினாள் என்று அவளோடு காய் பறித்த ஜக்கம்மா சொல்கிறாளாம். ஒருத்தி பேச்சை வைத்து முடிவு கட்டலாமா? ஒரே ஒரு சாவை வைத்து என்னைக் கொடியவன் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

பிறகு நடந்ததைப் பாருங்கள். மூன்று வாரம், அறுபது ஆட்கள். ஒருவர்கூடக் காய்ச்சல் என்று வாயைத் திறக்கவில்லை. எல்லாம் பொய்க் காய்ச்சல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேற்று பாதையில் மூட்டையோடு விழுந்து செத்தானே சின்னச்சாமி, அவன் பக்கத்தில்தான் நின்றேன். பல் கிட்டித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என்னடா செய்கிறது என்று நானே குனிந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

அவனே சொல்லிவிட்டான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.