கெளுத்தித் தீவனத்தில் நான் திரித்த கயிறு

மீனுக்கே நீச்சல் சொல்லித்தரும் மாண்புமிகு தலைவர், என் பெரியப்பா அவர்களே! காலில் குளத்துச் சேறு காயுமுன்னே ஓடிவந்த கெளுத்தி வளர்ப்புச் சங்கப் பெரியோர்களே! வலை இழுத்த கையோடு வந்தமர்ந்த வாஞ்சைமிகு தாய்மார்களே! கடைசி வரிசையில் கொட்டாவி விடும் சித்தப்பாவே! வணக்கம்.

வரவேற்புரைக்குத்தான் அழைத்தீர்கள். ஆனால் நெஞ்சில் ஒன்று நீந்துகிறது; கரையேற்றாமல் இறங்கமாட்டேன்.

அந்த நாட்களை மறந்தீர்களா? கொட்டகையில் மீனெண்ணெய்ப் பீப்பாய் திறந்தால் தெருப்பூனை எல்லாம் உறவு கொண்டாடுமே! பேருந்தில் நான் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகுமே! அம்மாவின் முந்தானையில் அந்த வாடை. அவள் பின்னிவிட்ட என் சடையிலும் அந்த வாடை. அது போனால் அழுவேன், ஐயா! அழுதாலும் போகத்தான் வேண்டும்.

ஏன்? எண்ணெய் லாரி வராமல் இருமுறை கெளுத்திகள் பட்டினி கிடக்கவில்லையா? அப்போது அம்மா கேட்டாள்: “கடல்ல சின்ன மீனைப் பிழிஞ்சுதானே குளத்து மீனுக்குக் கொடுக்கிறோம்? ஆளிவிதை எண்ணெய் கலந்து பாத்தா என்ன?”

பெரியப்பா சீறினார்: “செடி எண்ணெயா? மீனு என்ன, ஆடா மாடா?”

சோதனை வைத்தார்கள். பெரியப்பா குளத்துக்கு மீனெண்ணெய்த் தீவனம், சிவப்புக் கயிறு. அம்மா குளத்துக்கு ஆளிவிதை எண்ணெய்த் தீவனம், பச்சைக் கயிறு. இரண்டிலும் கருவாட்டுத் தூள். வாடையால் பிரித்தறிய வழியில்லை. மூட்டை கட்டியது யார்? அடியேன்!

எட்டு வாரம். எடை இரு குளத்திலும் ஒன்றே. ஆனாலும் பெரியப்பா, “என் மீனு பாயுற பாய்ச்சலப் பாருங்க! மீனெண்ணெய்னா மீனெண்ணெய்தான்!” என்றார். இன்று காலை அம்மா, ஆளிவிதை எண்ணெய்க்கு மாறச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிய கோரிக்கைத் தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். தாங்கவில்லை எனக்கு.

பெரியோர்களே! வாரந்தோறும் நான் கயிற்றை மாற்றிக் கட்டினேன்! பெரியப்பாவின் மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றது ஆளிவிதை எண்ணெய்!

“என்னடி சொல்றே?” என்கிறார் தலைவர். ஆமா பெரியப்பா, எட்டு வாரமா நீங்க புகழ்ந்தது எங்கம்மா கலவையைத்தான். அங்கே யார் சிரிப்பது? தலைவர் மீசையில் மண் ஒட்டவில்லை, ஐயா. லேசாகச் செடி எண்ணெய்தான்!

என்ன பெரியப்பா? “இன்னொரு தடவை பாப்போம், மூட்டைய நானே கட்டுறேன்” என்கிறீர்களா? கட்டுங்கள்! வேண்டாம் என்று சொன்ன வாய் பார்ப்போம் என்கிறதே, அது போதும்!

கயிற்றை மாற்றிய என்னை மன்னியுங்கள். அம்மா, இத்தனை நாள் உண்மையை மறைத்து உன்னைத் தலைகுனிய வைத்தேன். முதலில் நீ மன்னி. தாளைப் பிரி. மேடைக்கு வா.

இதோ எழுந்துவிட்டாள்! என் காதைத் திருகத்தான் வருகிறாள் என்றாலும், கைதட்டி வரவேற்பீர். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. என் காதுகளுக்கு அனுதாபம். அனைவருக்கும் அன்பு வணக்கம்!